எப்போதும் சில்லிட்டிருக்கும் கை கால்கள்: அனுபவப் பகிர்வு

நான்கு ஆண்டுகளாக என் கைகளும் பாதங்களும் கோடையில்கூடச் சில்லிட்டே கிடந்தன. மகளுக்குத் தலை பின்னும்போது என் விரல் கழுத்தில் பட்டாலே அவள் தோளைக் குறுக்கிக்கொள்வாள். இது என் உடல்வாகு என்று நானே முடிவு கட்டியிருந்தேன். முடி கொட்டியது, மலச்சிக்கல் இருந்தது, இரண்டு மாடி ஏறினால் மூச்சு வாங்கியது. இவை ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே காரணம் சொல்லிக்கொண்டேனே தவிர, சேர்த்துப் பார்க்கவில்லை. காய்ச்சலுக்காகப் பார்த்த மருத்துவர்தான் என் கீழிமையை இழுத்துப் பார்த்துவிட்டு இரத்தப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார். ஹீமோகுளோபின் 8.4 கிராம் இருந்தது. கருவுறாத பெண்களுக்கு 12க்குக் குறைந்தாலே அது இரத்தசோகை. தைராய்டும் குறைவாகச் சுரந்தது. பிராணவாயுவைச் சுமந்து செல்லும் ஹீமோகுளோபினும், உடலில் வெப்பம் உண்டாகும் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் தைராய்டு சுரப்பும் சேர்ந்தாற்போல் குறைந்தால், உடல் இருக்கும் சூட்டை உள்ளுறுப்புகளுக்கு ஒதுக்கிவிட்டு விரல் நுனிகளைக் கடைசியில்தான் கவனிக்கும் என்று அவர் விளக்கினார். ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். இரும்புச்சத்து மாத்திரையையும் தைராய்டு மாத்திரையையும் முதல் மாதம் நான் ஒன்றாகவே விழுங்கிவந்தேன்; இரும்பு, தைராய்டு மருந்தை உடலில் சேரவிடாது. இரண்டுக்கும் நான்கு மணி நேர இடைவெளியாவது வேண்டும்.

* * *

மேலே எழுதிய சகோதரிக்கு நன்றி. எனக்கு இரத்தம், தைராய்டு இரண்டும் சரியாகவே இருந்தன. குளிர்பதனப் பெட்டியின் உறைநிலைத் தட்டிலிருந்து எதையாவது எடுத்தால், நடுவிரலும் மோதிரவிரலும் இரண்டாம் கணு வரை மெழுகுபோல் வெளுத்துவிடும். வெளுப்பு எங்கே முடிகிறது என்று கோடு போட்டதுபோல் தெரியும். பிறகு நீலம் பாரிக்கும், இரத்தம் திரும்பும்போது சிவந்து விண்விண்ணென்று தெறிக்கும். மருத்துவமனைக்குப் போய்ச் சேர்வதற்குள் விரல்கள் பழைய நிறத்துக்கு வந்துவிடுவதால் மூன்று முறை வெறுங்கையோடு திரும்பினேன். நான்காம் முறை கைபேசியில் எடுத்த படத்தைக் காட்டியதும் ரேனோ என்று உடனே சொல்லிவிட்டார்கள். மோரிஸ் ரேனோ என்ற பிரெஞ்சு மருத்துவர் 1862இல் விவரித்த நிலை இது. குளிரோ மன அழுத்தமோ பட்டதும் விரல்களின் சிறு தமனிகள் அளவுக்கு மீறிச் சுருங்கிவிடுகின்றன. பெரும்பாலோருக்கு இது தனியாகவே வரும், தீங்கு குறைவு. ஆயினும் உடலின் எதிர்ப்புச் சக்தி உடலையே தாக்கும் லூபஸ், தோல் இறுக்க நோய் போன்றவற்றின் முன்னறிகுறியாகவும் இருக்கலாம் என்பதால், நகத்தடியின் நுண்ணிய இரத்தக்குழாய்களை உருப்பெருக்கியில் பார்த்தார்கள். கையுறை மட்டும் போதாது, மார்பும் வயிறும் கதகதப்பாக இருந்தால்தான் விரல்களுக்கு இரத்தம் வருகிறது என்பது என் அனுபவம்.

* * *

என் தந்தைக்கு 18 ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். பனிக்கட்டியின் மேல் நிற்பதுபோல் இருக்கிறது என்பார்; தொட்டுப் பார்த்தால் பாதம் சூடாகவே இருக்கும். நாங்கள் அதை வயதின் புலம்பலாக எடுத்துக்கொண்டோம், அதற்காக இன்றும் வருந்துகிறேன். ஓர் இரவு வெந்நீர்ப் பையைக் காலடியில் வைத்துக்கொண்டு உறங்கினார். காலையில் போர்வையை விலக்கியபோது குதிகால் முழுவதும் கொப்புளம்; அவருக்கு வலியே தெரியவில்லை. குளிர்ந்தது பாதமல்ல, நரம்புகள்தாம் பொய்ச் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தன. மெல்லிய நைலான் இழையால் பாதத்தில் பத்து இடங்களைத் தொட்டபோது, ஏழு இடங்களில் அவர் எதையும் உணரவில்லை. அந்தப் புண் ஆற மூன்று மாதங்களாயின. சர்க்கரை உள்ளவர்கள் பாதம் குளிர்கிறது என்றால் தயவுசெய்து காலுறை மட்டும் அணிவியுங்கள்.

* * *

எனக்குக் கை கால் சில்லிட்டதற்கு, ஒற்றைத் தலைவலிக்குக் கொடுத்த புரோப்ரனலால் என்ற மருந்துதான் காரணமாக இருந்தது. மருத்துவர் படிப்படியாகக் குறைத்து வேறு மருந்துக்கு மாற்றினார். இதைத் தாமாகவே திடீரென்று நிறுத்துவது இதயத்துக்கு ஆபத்து.

* * *

இதுவரை எழுதியவர்களுக்கு இரு பக்கமும் ஒன்றுபோல் குளிர்ந்திருக்கிறது. எனக்கு இடது பாதம் மட்டும் குளிர்ந்தது. முந்நூறு அடி நடந்தால் கெண்டைக்காலில் பிடித்து இழுக்கும், நின்றால் விட்டுவிடும். முப்பது ஆண்டுகள் புகைபிடித்தவன் நான். கணுக்காலின் இரத்த அழுத்தத்தைக் கையினதோடு ஒப்பிட்டபோது விகிதம் 0.6; 0.9க்குக் கீழே போனால் கால் தமனியில் அடைப்பு என்று பொருள். இப்போது மருத்துவர் சொன்னபடி, வலிக்கும்வரை நடந்து, நின்று, வலி அடங்கியதும் மீண்டும் நடக்கிறேன். புகையை விட்டு ஏழு மாதங்களாகின்றன; நேற்று நிற்காமல் ஆயிரம் அடி நடந்தேன்.