‘போயிருந்தேன்’ என்றால் எப்போதும் ‘ஹேட் கான்’ தானா?

கேள்வி

வணக்கம். நாள்தோறும் ஆங்கிலத்தில் மின்னஞ்சல் எழுத வேண்டிய வேலையில் இருக்கிறேன். படித்துப் புரிந்துகொள்வதில் எனக்குச் சிரமமில்லை. எழுத உட்கார்ந்தால் இறந்த காலத்தில்தான் தடுமாறுகிறேன். சென்ற வாரம் ஒரு மடலில் ‘ஐ ஹேட் கான் டு த பேங்க் எஸ்டர்டே’ என்று எழுதினேன். மேலாளர் ‘ஹேட் கான்’ என்பதை அடித்துவிட்டு ‘வென்ட்’ என்று திருத்தினார், காரணம் சொல்லவில்லை. ‘நேற்று வங்கிக்குப் போயிருந்தேன்’ என்பதைத்தான் நான் அப்படி எழுதினேன். வாய்ப்பாடுகள் எல்லாம் மனப்பாடமாக இருந்தும், ‘வென்ட்’, ‘ஹேவ் கான்’, ‘ஹேட் கான்’ ஆகிய மூன்றில் எது எந்த இடத்துக்கு உரியது என்பது பிடிபடவில்லை. ‘டிட் நாட் வென்ட்’ என்றும் அடிக்கடி எழுதிவிடுகிறேன். தெரிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மறுமொழி 1

உங்கள் தவறு எங்கிருந்து வந்தது என்பதை நீங்களே சொல்லிவிட்டீர்கள். ‘போயிருந்தேன்’ என்பதில் உள்ள ‘இருந்தேன்’ என்ற துணைவினையை ‘ஹேட்’ என்று மாற்றியிருக்கிறீர்கள். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலத் தோன்றினாலும் அவை செய்யும் வேலை வேறு.

தமிழில் ‘நேற்று வங்கிக்குப் போயிருந்தேன், அங்கே ஒரே கூட்டம்’ என்கிறோம். இங்கே ‘போயிருந்தேன்’ என்பது ஒரு செய்தியைச் சொல்லத் தொடங்குவதற்கான முகப்பு. போய்த் திரும்பிவிட்டேன், அங்கே நடந்ததை இனிச் சொல்லப்போகிறேன் என்பதே அதன் பொருள். ஆங்கிலத்தில் இதற்கு ‘ஹேட்’ தேவையில்லை. ‘எஸ்டர்டே’ என்று காலத்தைக் குறித்துவிட்டீர்கள், செயலும் முடிந்துவிட்டது. ‘ஐ வென்ட் டு த பேங்க் எஸ்டர்டே’ என்றால் போதும்.

‘ஹேட்’ வருவதற்கு இறந்த காலத்திலேயே இன்னொரு புள்ளி வேண்டும். அந்தப் புள்ளியில் நின்றுகொண்டு அதற்கும் முன்னால் நடந்ததைத் திரும்பிப் பார்க்கும்போதுதான் அது பொருந்தும். ‘வென் ஐ ரீச்ட் த ஸ்டேஷன், த ட்ரெய்ன் ஹேட் லெஃப்ட்’ என்ற வாக்கியத்தில் நிலையத்தை அடைந்தது ஒரு புள்ளி, ரயில் கிளம்பியது அதற்கும் முந்தையது. அதே இடத்தில் ‘த ட்ரெய்ன் லெஃப்ட்’ என்று எழுதினால், நான் போய்ச் சேர்ந்தேன், சேர்ந்ததும் ரயில் கிளம்பியது என்று பொருள் மாறிவிடும். ஒரு சொல்லால் ரயிலைப் பிடிக்கும் வாய்ப்பு இருந்ததா இல்லையா என்பதே மாறிவிடுகிறது. உங்கள் வங்கி வாக்கியத்தில் அப்படி இரண்டாவது புள்ளி எதுவும் இல்லாததால்தான் மேலாளர் அடித்திருக்கிறார்.

மறுமொழி 2

மேலே சொன்னது மிகச் சரி. ‘ஹேவ்’ பற்றி நான் சேர்க்கிறேன், ஏனென்றால் பலரும் உண்மையில் வழுக்கி விழும் இடம் அதுதான்.

‘ஐ லாஸ்ட் மை கீ’ என்றால் சாவி தொலைந்தது என்ற செய்தி மட்டுமே கிடைக்கிறது. பிறகு அது கிடைத்தும் இருக்கலாம். ‘ஐ ஹேவ் லாஸ்ட் மை கீ’ என்றால் இப்போதும் சாவி கையில் இல்லை, கதவுக்கு வெளியே நிற்கிறேன் என்று கேட்பவர் புரிந்துகொள்வார். நடந்தது பழையது, பேச்சோ இன்றைய நிலையைப் பற்றியது. அதனால்தான் ‘எஸ்டர்டே’, ‘லாஸ்ட் வீக்’ போன்று முடிந்துபோன காலத்தைக் குறிக்கும் சொற்கள் ‘ஹேவ்’ உடன் சேர்வதில்லை. தமிழில் காலையில் எழுந்து ஈரத் தரையைப் பார்த்து ‘ராத்திரி மழை பெய்திருக்கிறது’ என்று ஊகித்துச் சொல்கிறோம். அதை அப்படியே ‘இட் ஹேஸ் ரெய்ன்ட் லாஸ்ட் நைட்’ என்று எழுதினால் பிழை. அங்கே ‘இட் மஸ்ட் ஹேவ் ரெய்ன்ட்’ என்பதுதான் ஊகத்தைக் காட்டும்.

இன்னொன்றும் உண்டு. ‘அவர் வங்கிக்குப் போயிருக்கிறார்’ என்ற வாக்கியம் தமிழில் இரு பொருள் தரும்: இப்போது அங்கே இருக்கிறார் என்றும், முன்பு எப்போதோ போய் வந்த அனுபவம் உண்டு என்றும் கொள்ளலாம். ஆங்கிலம் இரண்டையும் பிரித்து, முதலாவதற்கு ‘ஹேஸ் கான்’ என்றும் இரண்டாவதற்கு ‘ஹேஸ் பீன்’ என்றும் சொல்லும். ‘ஜஸ்ட்’, ‘ஆல்ரெடி’, ‘யெட்’ ஆகியவற்றோடு பிரிட்டிஷ் வழக்கு பெரும்பாலும் ‘ஹேவ்’ கேட்கும். அமெரிக்க வழக்கில் சாதாரண இறந்த காலமும் இயல்பாக வரும். ஆகவே அமெரிக்கர் ஒருவர் ‘ஐ ஆல்ரெடி ஏட்’ என்று எழுதியிருந்தால் அதைப் பிழை என்று எண்ண வேண்டாம்.

கேட்டவர்

இருவருக்கும் மிக்க நன்றி. ரயில் எடுத்துக்காட்டைப் படித்ததும் பழைய மடல்களைத் திறந்து பார்த்தேன். ஒரே பத்தியில் ஐந்து ‘ஹேட்’ இருந்தன. ஒரு ஐயம் மட்டும் மீதி இருக்கிறது. ‘கதவைத் திறந்து, விளக்கைப் போட்டு, நாற்காலியில் உட்கார்ந்தேன்’ என்பது போல ஒன்றன்பின் ஒன்றாக நடந்தவற்றை எழுதும்போது, முதலில் நடந்தவற்றுக்கு ‘ஹேட்’ போட வேண்டுமா?

மறுமொழி 3

வேண்டாம். தமிழில் ‘திறந்து’, ‘போட்டு’ என்று வினையெச்சங்களே வரிசையைச் சொல்லிவிடுகின்றன; ஆங்கிலத்தில் சொற்கள் நிற்கும் வரிசையே அந்த வேலையைச் செய்கிறது. ‘ஐ ஓபன்ட் த டோர், ஸ்விட்ச்ட் ஆன் த லைட் அண்ட் சாட் டவுன்’ என்று நடந்த முறையிலேயே அடுக்கினால் எல்லாம் சாதாரண இறந்த காலமே. வரிசையைக் கலைத்து, பின்னால் நடந்ததை முதலில் சொல்லிவிட்டு முன்னால் நடந்ததற்குத் திரும்பும்போதுதான் ‘ஹேட்’ உதவுகிறது. ‘ஆஃப்டர்’ போன்ற சொல் முன்பின்னைத் தெளிவாகக் காட்டிவிட்டால் அப்போதுகூட அதை விட்டுவிடலாம்.

‘டிட் நாட் வென்ட்’ பற்றி யாரும் சொல்லவில்லையே! தமிழில் ‘போகவில்லை’ என்பதைக் கவனியுங்கள். ‘போக’ என்ற பகுதியில் காலம் இல்லை. ‘போனேனில்லை’ என்று இன்றைய வழக்கில் நாம் எழுதுவதில்லை. ஆங்கிலத்திலும் அப்படித்தான்: காலத்தை ‘டிட்’ ஏற்றுக்கொண்டபின் வினை வெறுமையாக நிற்கும், ஆகவே ‘டிட் நாட் கோ’. கேள்விக்கும் இதுவே, ‘டிட் யூ கோ’. ‘போக’ என்பதை நினைத்துக்கொண்டு எழுதினால் ‘வென்ட்’ கைக்கு வராது.