டச்சுக்காரரின் உயரம் ரத்தத்திலா, ராத்திரிச் சாப்பாட்டிலா?

வேலன்:
நெதர்லாந்தில் 1996-ல் பிறந்த ஆண்களின் சராசரி உயரம் 182 செ.மீ.க்கும் மேல். தென்கிழக்கு ஆசியாவின் குட்டி நாடான கிழக்குத் திமோரில் 160-ஐ ஒட்டித்தான். ஏன் இந்த இடைவெளி என்று கேட்டால் சத்து, சுகாதாரம் என்று எல்லாரும் ஒரே பாட்டைப் பாடுகிறார்கள். இரட்டையர் ஆய்வுகளைப் பார்த்தால் உயரத்தில் ஏறத்தாழ 80 சதவீதம் பரம்பரை. 2022-ல் 54 லட்சம் பேரின் மரபணுத் தகவலை அலசி, மரபணுத் தொடரில் உயரத்தோடு தொடர்புள்ள 12,000-க்கும் மேற்பட்ட இடங்களைக் குறித்தே விட்டார்கள். டச்சுக்காரர் உயரம் டச்சு ரத்தத்தில் இருக்கிறது. இதில் பேச இன்னும் என்ன மிச்சம்?

பொன்னி:
வேலன் சார், 1860-களில் அந்த ரத்தம் எங்கே போயிருந்தது? ராணுவத்துக்கு ஆளெடுக்கும்போது அளந்த பதிவேடுகள் இருக்கின்றன. அன்றைய டச்சு இளைஞரின் சராசரி 165 செ.மீ. அளவுதான். அமெரிக்கர்கள் அவர்களைவிட நெடியவர்கள். நூற்றைம்பது ஆண்டுகளில் பதினேழு, பதினெட்டு செ.மீ. ஏறியிருக்கிறது. ஆறேழு தலைமுறைக்குள் மரபணு இந்த அளவுக்கு மாறாது.

மாறியது வேறு. குடிநீர் சுத்தமானது, சிசு மரணம் குறைந்தது, பாலும் பாலாடைக்கட்டியும் ஏழை வீட்டுக்கும் வந்தன, குடும்பம் சிறுத்தது, மருத்துவம் எல்லாருக்கும் கிடைத்தது. முதல் இரண்டு வயதில் அடிக்கடி வயிற்றுப்போக்கு வந்தால், எலும்பு வளரப் போக வேண்டிய சத்தெல்லாம் நோயோடு போராடவே செலவாகிவிடும். அப்போது விட்டதைப் பிறகு முழுதாகப் பிடிக்க முடிவதில்லை.

அந்த 80 சதவீதக் கணக்கையும் சரியாகப் படியுங்கள். ஓரளவு ஒரே மாதிரி வளர்ந்த ஒரு மக்கள்கூட்டத்துக்குள் ஆளுக்கு ஆள் ஏன் வேறுபடுகிறார்கள் என்பதற்கான கணக்கு அது. இரண்டு நாடுகளுக்கு நடுவே உள்ள இடைவெளிக்கு அதைத் தூக்கிவந்து பொருத்தக் கூடாது. 12,000 இடங்களையும் சேர்த்தாலே ஐரோப்பிய வம்சாவளியினரிடையே உள்ள வேறுபாட்டில் 40 சதவீதம்தான் விளங்குகிறது. மற்ற மக்களில் இன்னும் குறைவு.

வேலன்:
மாறாது என்று அடித்துச் சொல்லாதீர்கள். நெதர்லாந்தில் நெட்டையான ஆண்களுக்குப் பிள்ளைகள் அதிகம் என்று 2015-ல் ஆய்வே வந்திருக்கிறது. இயற்கைத் தேர்வு நம் கண் முன்னால் நடக்கிறது.

பொன்னி:
படித்திருக்கிறேன். அந்த வேகத்தில் பதினேழு செ.மீ. ஏறுமா என்று ஒரு முறை கணக்குப் போட்டுப் பாருங்கள்.

நத்தம் ரவி:
ஏன் ஐரோப்பாவிலேயே சுற்றுகிறீர்கள்? கொரியாவைப் பாருங்கள். ஒரே இனம், ஒரே மொழி. 1945-ல் பிரித்தார்கள். தென்கொரியப் பெண்களின் சராசரி உயரம் நூறு ஆண்டுகளில் 20 செ.மீ. கூடியது. உலகத்திலேயே அதிக ஏற்றம் அதுதான். வடக்கிலிருந்து தப்பி வந்தவர்களை அளந்தால் தெற்கத்தியரைவிடக் குட்டையாக இருக்கிறார்கள். எல்லைக்கோடு போட்டது அரசியல்வாதிகள், மரபணு இல்லை.

வேலன்:
தப்பி வருகிறவர்களில் பெரும்பாலோர் சீன எல்லையை ஒட்டிய ஏழை மாகாணத்துக்காரர்கள். அவர்களை வைத்து ஒரு நாட்டையே எடை போடலாமா ரவி?

நத்தம் ரவி:
சரி, அவர்களை விட்டுவிடுவோம். 1998-ல் பஞ்சத்தின்போது யுனிசெஃபும் உலக உணவுத் திட்டமும் வடகொரியாவுக்கு உள்ளேயே குழந்தைகளை அளந்தன. வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் சுமார் 62 சதவீதம். போதுமா?

வேலன்:
பட்டினி போட்டால் யாரும் குன்றத்தான் செய்வார்கள். அதை நான் மறுக்கவே இல்லையே! வயிறு நிறைந்த நாடுகளைப் பற்றிப் பேசுங்கள். ஜப்பான் பணக்கார நாடு. சிசு மரணம் உலகிலேயே மிகக் குறைந்த நாடுகளில் ஒன்று. 1990-களோடு அங்கே உயர ஏற்றம் நின்றுவிட்டது, ஆண்கள் 171 செ.மீ. பக்கம் நிற்கிறார்கள். அந்தப் பக்கம் பொஸ்னியா, மாண்டினீக்ரோ. டச்சுக்காரர் வருமானத்தில் பாதிகூட இல்லை. ஆனால் அந்த மலைநாட்டு இளைஞர்கள் டச்சுக்காரருக்கு ஈடாக நிற்கிறார்கள். தென் அமெரிக்க நாடான பெருவில் இன்னும் நேரடியாகவே சிக்குகிறது: அங்கே சிலரிடம் உள்ள ஒரு மரபணு மாற்றம், ஒரு பிரதிக்கு இரண்டு செ.மீ.க்கு மேல் உயரத்தைக் குறைக்கிறது. இதற்கெல்லாம் பாலாடைக்கட்டிதான் பதிலா?

செவிலி அக்கா:
தாய்சேய் நலப் பணியில் இருப்பவள் என்பதால் நானும் நுழைகிறேன். நம் நாட்டுக் குழந்தைகள், நம்மைவிட ஏழையான ஆப்பிரிக்க நாட்டுக் குழந்தைகளைவிடக் குட்டை. அதைக் காட்டி "இந்தியர் உடல்வாகே அப்படித்தான்" என்று முடித்துவிடுவார்கள். பொருளாதார ஆய்வாளர்கள் சீமா ஜெயச்சந்திரனும் ரோகிணி பாண்டேயும் 2017-ல் இந்தக் கணக்கைப் பிரித்துப் பார்த்தார்கள். தலைச்சன் ஆண் பிள்ளைகளில் இந்தியா பின்தங்கவே இல்லை. இரண்டாவது, மூன்றாவது என்று போகப் போகத்தான் இடைவெளி விரிகிறது. ஒரே தாய் வயிற்றில் பிறந்த தலைச்சனுக்கு ஒரு மரபணு, கடைக்குட்டிக்கு வேறா? யார் தட்டில் முதலில் விழுகிறது என்பதுதான் விஷயம்.

அதோடு, உலகச் சுகாதார நிறுவனம் 2006-ல் வெளியிட்ட வளர்ச்சி அளவுகோலுக்கு ஆறு நாட்டுப் பிள்ளைகளை அளந்தார்கள். தெற்கு டெல்லியில் வசதியான வீட்டுப் பிள்ளைகளும் நார்வே, கானா, ஓமன் பிள்ளைகளும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் வளர்ந்தார்கள்.

வேலன்:
அக்கா, அந்த அளவு ஐந்து வயதோடு முடிகிறது. பூப்புக் காலத்தில்தான் ஜப்பான்காரனும் டச்சுக்காரனும் பிரிகிறார்கள்.

பொன்னி:
மரபணுவுக்குப் பங்கே இல்லை என்று இங்கே யாரும் சொல்லவில்லை. நீங்கள் தொடங்கியது திமோரில், இப்போது ஜப்பானில் வந்து நிற்கிறீர்கள். ஜப்பானோடு உள்ள பதினொரு, பன்னிரண்டு செ.மீ.க்கான வாதத்தைக் காட்டி, திமோரோடு உள்ள இருபத்திரண்டு செ.மீ. இடைவெளியையும் அடைக்கப் பார்க்கிறீர்கள்.

அமெரிக்காவைப் பாருங்கள். 1896-ல் பிறந்த ஆண்களில் அவர்கள் உலகில் மூன்றாவது இடம். 1996-ல் பிறந்தவர்களில் 37-வது இடம். எந்த மரபணு காணாமல் போனது?

வேலன்:
குடியேற்றம்! நெதர்லாந்திலும் அதே கதைதான். 2001-ல் பிறந்த ஆண்கள் 1980-ல் பிறந்தவர்களைவிட ஒரு செ.மீ. குறைவு.

பொன்னி:
அதே டச்சுப் புள்ளிவிவரத்தின் அடுத்த பத்தியையும் படியுங்கள். பெற்றோர் இருவரும் அங்கேயே பிறந்தவர்களிலும் ஆண்கள் வளரவில்லை, பெண்கள் குறைந்திருக்கிறார்கள். குடியேற்றம் ஒரு பங்குதான்.

நத்தம் ரவி:
குடியேற்றம் என்றதும் ஞாபகம் வருகிறது. மத்திய அமெரிக்க நாடான குவாத்தமாலாவின் மாயா இனப் பிள்ளைகள் அமெரிக்காவில் வளர்ந்தபோது, ஊரில் இருந்த அதே வயதுப் பிள்ளைகளைவிட 10 செ.மீ.க்கு மேல் உயரம். ஒரே தலைமுறையில்.

வேலன்:
அப்படியும் அமெரிக்கச் சராசரியை அவர்கள் எட்டவில்லை. அதையும் சேர்த்தே சொல்லுங்கள்.

செவிலி அக்கா:
குட்டையாக வளர்ந்த தாய்க்குப் பிறக்கும் பிள்ளை எடை குறைவாகப் பிறக்க வாய்ப்பு அதிகம் தம்பி. முதல் தலைமுறையை மட்டும் அளந்துவிட்டு மிச்சத்தை மரபணுக் கணக்கில் எழுதாதீர்கள். அந்தப் பிள்ளைகளுக்குப் பிறக்கும் பிள்ளைகளை அளந்துவிட்டு வாருங்கள், அப்புறம் பேசலாம்.