நாய் வளர்த்தவர்கள் காலி செய்த வீடு: முன்பணத்தில் எதைப் பிடிக்கலாம்?

கேள்வி:
வணக்கம். சென்னையில் எங்கள் அடுக்ககக் குடியிருப்பில் இரண்டு ஆண்டுகள் வாடகைக்கு இருந்த குடும்பத்தினர் அண்மையில் காலி செய்தார்கள். அவர்கள் நாய் வளர்க்க நான் சம்மதித்திருந்தேன். படுக்கையறையின் தேக்குக் கதவு நிலையில் முழங்கால் உயரம் வரை நகக் கீறல்கள் விழுந்து, வார்னிஷ் உரிந்து மரம் தெரிகிறது. பால்கனியை ஒட்டிய அறையில் டைல்ஸ் இடுக்குகளில் சிறுநீர் ஊறியிருப்பதால், ஃபினாயில் ஊற்றிக் கழுவினாலும் மறுநாளே வாடை திரும்புகிறது. வீடு முழுவதும் பெயின்ட் அடிக்கும் செலவை முன்பணத்தில் பிடிக்கலாமா? நல்ல மனிதர்கள்; அவர்களிடம் நியாயமானதை மட்டுமே கேட்க விரும்புகிறேன்.

பதில் 1:
முழு வீட்டுக்கும் பிடிப்பது முறையாகாது. 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டத்தின் 108ஆம் பிரிவு, இயல்பான தேய்மானம் நீங்கலாக, வீட்டைப் பெற்றபோது இருந்தபடியே திருப்பித் தரும் கடமையை வாடகைதாரருக்கு விதிக்கிறது. இரண்டு ஆண்டுகளில் சுவர் மங்குவது தேய்மானம். நிலையில் விழுந்த கீறல் சேதம். எனவே நிலையை இழைத்து, பட்டி பார்த்து, வார்னிஷ் அடிக்கும் கூலிக்கும் பால்கனியை ஒட்டிய அறையின் தரை வேலைக்கும் ரசீது வாங்கி, அந்தத் தொகையை மட்டும் கழியுங்கள். தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டப்படி, உரிய கழிவு போக மீதி முன்பணத்தை, காலி செய்த ஒரு மாதத்துக்குள் தந்துவிட வேண்டும்.

பதில் 2:
வாடையைப் பற்றிச் சொல்கிறேன். சிறுநீர் காய்ந்ததும் அதிலுள்ள யூரிக் அமிலம் நீரில் எளிதில் கரையாத படிகங்களாக இடுக்கில் தங்கிவிடுகிறது. ஈரம் பட்டதும் மறுபடியும் நாற்றம் கிளம்புகிறது. ஃபினாயில் அதன் மேல் வேறொரு வாசனையைப் பூசுகிறதே தவிர, அதை அகற்றுவதில்லை. தயவுசெய்து பிளீச்சிங் பவுடரைப் போட்டுவிடாதீர்கள். சிறுநீரின் அம்மோனியாவுடன் சேர்ந்தால் அது நச்சு வாயுவை உண்டாக்கும். செல்லப்பிராணிக் கடைகளில் கிடைக்கும் நொதி (என்சைம்) திரவத்தை இடுக்குகள் நனையும்படி ஊற்றி, புட்டியில் குறிப்பிட்டுள்ள நேரம் ஊறவிட்டுத் துடையுங்கள். கறை எதுவரை பரவியிருக்கிறது என்பதை இரவில் விளக்கணைத்து, புற ஊதா டார்ச் அடித்துப் பார்த்தால் பெரும்பாலும் தெரிந்துவிடும். அதற்குப் பிறகும் வாடை இருந்தால், இடுக்குப் பூச்சைச் சுரண்டி எடுத்துப் புதிதாக அடைக்கச் சொல்லுங்கள்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. கீறல்கள் முன்பே இருந்தவை என்று அவர்கள் சொன்னால் என்ன செய்வது?

பதில் 1:
குடிவந்தபோது எடுத்த படம் இருந்தால் காட்டுங்கள். இல்லையென்றால், வேலையைத் தொடங்கும் முன் அவர்களையே வரச்சொல்லி, பெயின்டரையும் உடன் வைத்துக்கொண்டு கதவு நிலையைப் பார்வையிட்டு, ஒப்புக்கொண்ட தொகையை எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள்.