மறுமொழி: மெர்ஜர் என்பதற்கு ‘இணைப்பு’ போதுமா?

வணக்கம்.

மெர்ஜர் என்றால் இணைப்பு, இதில் என்ன குழப்பம் என்று நேற்றைய மடலில் கேட்டிருந்தீர்கள். வங்கிச் செய்திகளில் குழப்பம் இல்லைதான். செயற்கைக்கோள் தொலைக்காட்சி பற்றி எழுத உட்கார்ந்தால்தான் சிக்கல் தெரியும். சந்தாதாரர் வீட்டுக்குக் கொடுப்பது இணைப்பு, தரை நிலையத்திலிருந்து செயற்கைக்கோளுக்குப் போவது மேல் இணைப்பு, அங்கிருந்து இறங்குவது கீழ் இணைப்பு. அப்புறம் “இணைப்புக்குப் பிறகு இணைப்புகள் கூடின” என்று எழுதினால் வாசிப்பவர் எதை எதுவென்று எடுத்துக்கொள்வார்?

பிரிட்டனின் ஸ்கை தொலைக்காட்சி நிறுவனம் பற்றிய கட்டுரையை நான் திருத்தும்போது மாட்டிக்கொண்டது இங்கேதான். ஊடக அதிபர் ரூபர்ட் மர்டாக்கின் ஸ்கை டெலிவிஷன் 1989 பிப்ரவரியில், லக்சம்பர்க் நிறுவனத்தின் ஆஸ்ட்ரா செயற்கைக்கோளில் இடம் வாடகைக்கு எடுத்து, நான்கு அலைவரிசைகளோடு பிரிட்டனில் இறங்கியது. முறைப்படி பிரிட்டிஷ் உரிமம் வாங்கியிருந்த போட்டி நிறுவனமான பிரிட்டிஷ் சாட்டிலைட் பிராட்காஸ்டிங் (பிஎஸ்பி) தனக்கென மார்க்கோபோலோ செயற்கைக்கோள்களையே வாங்கி, டி-மேக் என்ற புதிய ஒளிபரப்பு முறைக்காகக் காத்திருந்து, 1990 வசந்தத்தில்தான் வந்து சேர்ந்தது. ஒன்றின் பெட்டியில் மற்றதைப் பார்க்க முடியாது. இரண்டும் பணத்தைக் கொட்டி நஷ்டத்தில் மூழ்கின, 1990 நவம்பரில் பாதிக்குப் பாதி என்று ஒப்பந்தம் போட்டு பிரிட்டிஷ் ஸ்கை பிராட்காஸ்டிங் ஆயின.

காகிதத்தில் சரிபாதி. நடந்தது வேறு: நிர்வாகம் ஸ்கை பக்கம், ஒளிபரப்பு ஆஸ்ட்ராவில், மார்க்கோபோலோ இரண்டும் பின்னால் ஸ்வீடனுக்கும் நார்வேக்கும் விற்கப்பட்டன, பிஎஸ்பியின் சதுரத் தட்டு ஏரியலை வாங்கிய வீடுகளில் அது பயனற்றுப் போனது. ஆகவே நமக்கு ஒரு சொல் அல்ல, இரண்டு வேண்டும். சட்டப்படி இரண்டு நிறுவனம் ஒன்றாவதற்கு ஒன்று, ஒன்று மற்றதைத் தனக்குள் எடுத்துக்கொள்வதற்கு இன்னொன்று.

முதலாவதற்கு என் பரிந்துரை ஒன்றாக்கம். “1990இல் இரு நிறுவனங்களும் ஒன்றாயின”, “ஒன்றாக்க ஒப்பந்தம்”, “ஒன்றாக்கத்துக்குப் பிந்தைய கடன்” என்று எப்படித் திருப்பினாலும் இடறவில்லை. இரண்டாவதற்கு உள்வாங்கல். ஒருங்கிணைப்பு வேண்டாம், அதை வேறு பொருளில் ஏற்கெனவே தேய்த்துவிட்டோம். கலப்பு என்றால் கலப்பட வாடை வருகிறது. கூடல் எனக்கு மிகவும் பிடித்த சொல், ஆறுகள் சேருமிடத்துக்கு எவ்வளவு அழகாகப் பொருந்துகிறது, ஆனால் பங்குதாரர் அறிக்கையில் அதைப் பார்த்ததும் ஊடலும் கூடவே வந்து நிற்கும்.

உண்மையில் இதற்கு மிகப் பொருத்தமான சிந்தனை நம் இலக்கணத்திலேயே இருக்கிறது. மரம், வேர் இரண்டும் சேர்ந்தால் மரவேர், நடுவில் மகர மெய் கெடுகிறது. சேரும்போது எது நிற்கிறது, எது கெடுகிறது என்று விதி வகுத்து வைத்த மொழி இது. புணர்ச்சி என்ற சொல்லை வணிகத்துக்குக் கொண்டுவர முடியாது, தெரியும். ஆனால் நிலைமொழி, வருமொழி என்பதை ஒட்டி, ஒன்றாக்கத்துக்குப் பிறகும் சட்டப்படி தொடரும் நிறுவனத்தை நிலைநிறுவனம் என்றும், அதற்குள் வந்து கரைவதை வருநிறுவனம் என்றும் சொல்லலாமே? புதுப் பங்குகளை யார் வெளியிடுகிறார், யாருடைய பெயர் பதிவேட்டிலிருந்து நீங்குகிறது என்று விளக்கும்போது இந்த இரண்டும் பெரிய உதவி. இதைப் பற்றித்தான் உங்கள் எல்லோருடைய கருத்தும் எனக்கு முக்கியமாக வேண்டும்.

2018இல் அமெரிக்க நிறுவனமான காம்காஸ்ட் ஏலத்தில் வென்று ஸ்கையை விலைக்கு வாங்கியது வெறும் கையகப்படுத்தல், அதில் தகராறில்லை. கட்டுரையில் 1990 வரும் இடங்களில் மட்டும் இப்போதைக்கு ஒன்றாக்கம் என்று மாற்றியிருக்கிறேன். ‘இணைப்பு’ இனி அந்தக் கட்டுரையில் சந்தாதாரருக்கு மட்டும்.