கோதுமைப் பாலில் நான் ஊற்றிய நெய்: பாட்டியின் யூதச் சமையலைச் செய்து பார்த்தவர்கள் பகிர்க

நெல்லைக்காரி, தானே:
என் கணவர் கொங்கணக் கரையில் வேரூன்றிய யூதச் சமூகமான பெனே இஸ்ரேல் குடும்பத்தைச் சேர்ந்தவர். அவருடைய பாட்டி மராத்தியில் எழுதிவைத்த சமையல் குறிப்பேடு இப்போது என்னிடம் இருக்கிறது. யூதப் புத்தாண்டான ரோஷ் ஹஷானாவுக்கு அவர்கள் கிண்டும் சீக் அல்வாவுக்கும் எங்கள் ஊர் அல்வாவுக்கும் அடிப்படை ஒன்றே, கோதுமையை ஊறவைத்து அரைத்துப் பிழிந்த பால். எனக்கா அல்வா சொல்லித்தர வேண்டும் என்ற மிதப்பில், குறிப்பேட்டில் இருந்த தேங்காய்ப் பாலைச் சிக்கனம் என்று ஒதுக்கிவிட்டுக் கால் கிலோ நெய்யை ஊற்றினேன். ஆட்டுக்கறி விருந்து முடிந்து அல்வாவைக் கொண்டுவந்தபோது, நெய் மணம் எட்டியதுமே மாமியார் எல்லோர் முன்னும் இருந்த கிண்ணங்களை ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கினார். ஒரு சொல் சொல்லவில்லை. யூத வழக்கப்படி கறி உண்டபின் பல மணி நேரத்துக்குப் பாலும் நெய்யும் ஆகாது என்பது எனக்குத் தெரிந்ததுதான். அந்தத் தேங்காய்ப் பால் அதற்காகவே என்பது மட்டும், கிண்ணங்கள் ஒன்றன்மேல் ஒன்று அமரும் ஓசையைக் கேட்டபோதுதான் உறைத்தது.

பழைய கொல்கத்தாவாசி:
பாக்தாத் பக்கமிருந்து வந்து இங்கே குடியேறிய பாக்தாதி யூதர் வழிவந்த நண்பர் ஒருவருக்காக, அவர் பாட்டி செய்துவந்த ஆலு மக்காலாவை முயன்றேன். மஞ்சளும் உப்பும் இட்ட நீரில் முழு உருளைக்கிழங்கை அரைவேக்காடாக எடுத்து, மூழ்குமளவு எண்ணெயில் சிறு தீயில் நெடுநேரம் விட வேண்டும். இருமுறை பொறுமையிழந்து தீயைக் கூட்டியதால் மேலே கருகி உள்ளே கல்லாயிற்று. மூன்றாம் முறை நண்பர் முள்கரண்டியால் குத்தியதும் கிழங்கு தட்டிலிருந்து துள்ளித் தரையில் விழுந்தது. குனிந்து எடுத்து, ஊதிவிட்டு வாயில் போட்டுக்கொண்டவர், "தோல் சரி, உப்புப் போதாது" என்றார். அந்த உப்பின் அளவு இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.

மும்பை வாசகர்:
நெல்லைக்காரி அவர்கள் சிக்கனம் என்று எழுதியதை ஏற்க இயலவில்லை. கொங்கணக் கரையில் தேங்காய் ஒன்றும் ஏழைப் பண்டம் அன்று. எங்கள் பக்கத்து வீட்டுப் பாட்டி ஒருமுறை எனக்குத் துடுப்பைக் கொடுத்துவிட்டுத் தூங்கிப்போனார், என் அனுபவம் அவ்வளவுதான். ஆனால் ஒன்று சொல்கிறேன்: கோதுமையை மூன்று நாள் ஊறவையுங்கள், நாள்தோறும் நீரை மாற்றுங்கள், பிழிந்த பாலை இரவு முழுவதும் அசைக்காமல் வைத்து மேலே தெளிந்த நீரை வடித்துவிடுங்கள், அடியில் தங்கிய மாவுடன் முதல் தேங்காய்ப் பாலையும் சர்க்கரையையும் சேர்த்துக் கை ஓயாமல் கிண்டுங்கள். இக்காலத்தில் கடற்பாசியைப் போட்டு அரைமணியில் முடிக்கிறார்கள். அது உறையும், ஆனால் பல்லில் இழுபடாது. தட்டில் கொட்டிய பிறகு பாதாமைத் தூவி மெல்ல அழுத்துங்கள், இல்லையெனில் துண்டு போடும்போது உதிர்ந்துவிடும்.

நெல்லைக்காரி, தானே:
ஐயா, கோதுமைப் பால் எடுக்க எனக்குத் தெரியும். இந்த ஆண்டு தேங்காய்ப் பாலில்தான் கிண்டினேன். மாமியார் இரண்டு துண்டு எடுத்துக்கொண்டார். நெய்யைப் பற்றி அவர் இன்னும் ஒரு சொல்லும் சொல்லவில்லை.