மறு: லாட்ஜ் என்பதற்குத் தமிழில் என்ன? விடுதியா, கூடமா?

குழும அன்பர்களுக்கு வணக்கம்.

> 'லாட்ஜ்' என்றே விட்டுவிடலாமே. எல்லாருக்கும் புரிகிற சொல்தானே?

புரிகிறது ஐயா, தப்பாகப் புரிகிறது. நான் சொல்வது தங்கும் லாட்ஜ் அல்ல; ஃப்ரீமேசன்கள் போல, சூளுரைத்துச் சேரும் சகோதர அமைப்புகளின் கிளை. 'ஜார்ஜ் வாஷிங்டன் 1752-இல் லாட்ஜில் சேர்ந்தார்' என்று மொழிபெயர்த்து வைத்திருந்தேன். படித்த என் மனைவி, "சிங்கிள் ரூமா, டபுள் ரூமா?" என்று கேட்டார். 'விடுதி' என்று மாற்றினால் வாஷிங்டன் கல்லூரி மாணவர் ஆகிவிடுகிறார். 'சபை' என்றால் தேவாலயம், 'கழகம்' என்றால் கட்சி. லாட்ஜ் உறுப்பினர்கள் ஒருவரையொருவர் அழைக்கும் சகோதரர் என்பதற்கு 'உடன்பிறப்பு' போடலாம் என்று இங்கே ஒருவர் எழுதியதைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தேன். மேடையும் மைக்கும் கண்முன் வந்துவிட்டன.

சொல் பிறந்த இடத்துக்கே போய்ப் பார்த்தேன். ஐரோப்பாவில் ஒரு பெரிய தேவாலயம் எழும்பப் பல பத்தாண்டுகள் ஆகும். கல்தச்சர்கள் சுவரை ஒட்டிக் கொட்டகை போட்டுக்கொள்வார்கள். மழையில் நனையாமல் கல் செதுக்குவது, உளி சுத்தியலைப் பூட்டி வைப்பது, சாப்பிட்டுவிட்டுச் சற்றுத் தலைசாய்ப்பது எல்லாம் அதற்குள்தான். அந்தக் கொட்டகைதான் லாட்ஜ். எடின்பரோ கல்தச்சர்களின் லாட்ஜ் குறிப்பேடு 1599 முதல் இருக்கிறது. பிறகு உளியையே தொடாதவர்களும் உள்ளே வந்தார்கள். பழம்பொருள் ஆய்வாளர் எலியாஸ் ஆஷ்மோல் 1646-இல் தாம் சேர்ந்ததை நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். 1717 ஜூன் 24 அன்று லண்டன் மதுக்கடை ஒன்றில் நான்கு லாட்ஜுகள் ஒன்றுசேர்ந்ததைத் தங்கள் தலைமையமைப்பின் பிறந்தநாளாக ஃப்ரீமேசன்கள் கொண்டாடுகிறார்கள். அதற்குள் கொட்டகை போய்விட்டது, பெயர் மட்டும் தங்கிவிட்டது.

ஆகவே என் பரிந்துரை: கூடம்.

தொழிற்கூடம், ஆய்வுக்கூடம் என்று வேலை நடக்கும் இடத்துக்கு நாம் ஏற்கெனவே வழங்குகிற சொல். கூடுவதும் அதில் ஒலிக்கிறது. புறநானூற்றுக் கொல்லன் உலைக்கல்லில் ஓங்கி அடிக்கிற சம்மட்டிக்கும் கூடம் என்றுதான் பெயர். லாட்ஜ் தலைவர் கையில் இருப்பதும் சுத்தியல். போதாக்குறைக்கு மறைவு என்ற பொருளும் அகராதியில் உண்டு. (அது வடமொழி வழி வந்த வேறு கூடம், தெரியும். சண்டைக்கு வராதீர்கள்.)

> ரோட்டரி போன்றவற்றுக்கும் இதையே வைத்துக்கொள்ளலாமா? அவையும் லாட்ஜ் மாதிரிதானே?

கூடாது அம்மா. இதில் மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன். லாட்ஜில் கதவு சாத்தியிருக்கும்; வெளியே ஒருவர் உருவிய வாளுடன் நிற்பார். புதியவரின் கண்ணைக் கட்டி, கால்சட்டையின் ஒரு காலை மட்டும் முழங்காலுக்கு மேல் சுருட்டி, கழுத்தில் கயிறு மாட்டி உள்ளே அழைத்துப்போவார்கள். அவர் சூளுரைத்த பிறகுதான் கண்கட்டு அவிழும். உதவியும் முதலில் உள்ளுக்குள்தான். 1868-இல் பென்சில்வேனியாவில் ஜான் அப்சர்ச் தொடங்கிய தொழிலாளர் லாட்ஜில், உறுப்பினர் ஒருவர் இறந்தால் மற்றவர்கள் ஆளுக்கு ஒரு டாலர் போட்டு அந்தக் குடும்பத்துக்குக் கொடுப்பார்கள். ஆயுள் காப்பீடு எட்டாதவர்களுக்கு அதுவே காப்பீடு.

ரோட்டரியின் பிறப்பே வேறு. 1905 பிப்ரவரி 23, சிகாகோவில் ஓர் அலுவலக அறை. வழக்கறிஞர் பால் ஹாரிஸ், ஒரு நிலக்கரி வணிகர், ஒரு சுரங்கப் பொறியாளர், ஒரு தையற்காரர். தொழிலுக்கு ஒருவர் என்று சேர்த்து, ஒவ்வொருவர் அலுவலகமாகச் சுற்றிச் சுற்றிக் கூடினார்கள். பெயர் அதனால் வந்தது. 'சுழற்சங்கம்' சக்கர முத்திரையைப் பார்த்து வைத்த பெயர் என்று நினைப்பவர்கள் கவனிக்க. வாளும் இல்லை, கண்கட்டும் இல்லை. இரண்டே ஆண்டில் நகரத்துக்குப் பொதுக் கழிப்பறை வேண்டும் என்று இறங்கிவிட்டார்கள். 1917-இல் வந்த லயன்ஸுக்கு 'அரிமா சங்கம்' நிலைத்துவிட்டது. இவை சேவைச் சங்கங்கள். அந்தப் பெயரில் கைவைக்க வேண்டாம். இரண்டையும் ஒரே சொல்லில் அடைத்தால், உள்ளே பார்த்து உட்கார்ந்தவர்கள் எப்போது வெளியே பார்த்துத் திரும்பினார்கள் என்பதே தமிழில் எழுத வராது.

பொதுக் கட்டுரையில் 'கூடம்' என்று மட்டும் எழுதினால் வாசகர் திகைப்பார் என்பதை ஏற்கிறேன். முதல் முறை 'சூளுறவுக் கூடம்' என்று எழுதலாம். சூளுறவு என்றால் உறுதிமொழி எடுப்பது; சூளால் வந்த உறவு என்று பிரித்துப் படித்தாலும் குற்றமில்லை.

அன்புடன்.

---

நேற்றைய மடலுக்கு வந்தவற்றுக்குச் சுருக்கமாக:

> சூளுறவு நாக்கில் புரளவில்லை.

எனக்கும்தான். இரண்டாவது வரியிலிருந்து வெறும் 'கூடம்' போதும். தலைமையமைப்பான கிராண்ட் லாட்ஜ், பெருங்கூடம்.

> டிகிரிக்குப் 'பட்டம்'?

லாட்ஜில் உறுப்பினர் ஒவ்வொன்றாக ஏறும் நிலைதான் டிகிரி. அதற்குப் 'பட்டம்' வேண்டாம், பல்கலைக்கழகம் குறுக்கே வரும். 'படி' என்கிறேன். மூன்றாம் படிக்கு 'ஆசான்' பொருந்துகிறது. முதற்படிக்கு எனக்குத் தோன்றியது 'சித்தாள்': கொத்தனார் பக்கத்தில் நின்று தொழில் பழகுபவர். ஆனால் சித்தாள் என்றதும் நமக்குக் கலவைச் சட்டி சுமக்கிற பெண்தான் நினைவுக்கு வருகிறார்; இதுவோ பெண்களை வாசலிலேயே நிறுத்திய அமைப்பு. (ரோட்டரியும் அப்படித்தான் இருந்தது, 1987-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன பிறகே கதவைத் திறந்தது.) 'தொழில் பழகுநர்' என்றால் அரசு ஆணை படிப்பது போலிருக்கிறது. வெள்ளிக்கிழமைக்குள் வேறு யாராவது நல்ல சொல் தந்தால் சித்தாளை எடுத்துவிடுகிறேன்.