66 மஸ்டாங் கன்வர்டிபிள்: முன்பக்கம் நடுங்குகிறது, எங்கிருந்து இறுக்க ஆரம்பிப்பது?

கரூர்_கான்டன்:

எல்லோருக்கும் வணக்கம். மிச்சிகனில், டெட்ராய்டுக்கு மேற்கே கான்டனில் இருக்கிறேன். போன அக்டோபரில் ஒரு 1966 ஃபோர்டு மஸ்டாங் கன்வர்டிபிள் வாங்கினேன். 289 வி8, இரண்டு பேரல் கார்புரேட்டர், ஆட்டோமேட்டிக். எஞ்சின் அருமையாக ஓடுகிறது. கவலையெல்லாம் முன்பக்கம்தான்.

கூரையை மடக்கிவிட்டு 35, 40 மைல் வேகத்தில் ரயில்வே தண்டவாளத்தைத் தாண்டினால் ஸ்டியரிங் கையிலேயே நடுங்குகிறது. விண்ட்ஷீல்டு சட்டம் முன்னும் பின்னும் அசைவது கண்ணுக்குத் தெரிகிறது. உள்கண்ணாடியில் பின்னால் வரும் வண்டி இரண்டாகத் தெரிகிறது. கூரையை மூடி மாட்டினால் கொஞ்சம் அடங்குகிறது, ஆனால் போகவில்லை.

கோடைக்கு அப்பா வந்திருக்கிறார். கரூரில் 31 வருஷம் பஸ் பாடி கட்டும் பட்டறையில் இருந்தவர். முதல் நாள் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தவர் கதவுக்கும் பாடிக்கும் நடுவில் உள்ள இடுக்கில் விரலை வைத்தபடியே வந்தார். வீடு வந்ததும், "ஷாக் அப்சார்பருக்குக் காசு செலவு பண்ணாதே. பாடி முறுக்குது, விரல்ல தெரியுது" என்றார். மறுநாள் முன் இடது மூலையை மட்டும் ஜாக்கியில் தூக்கி, கதவின் பின்விளிம்பில் இடைவெளியை அளந்து பார்த்தோம். தூக்குவதற்கு முன்னும் பின்னும் ஒரு நூல் வித்தியாசம். 3 மி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முன்னால் வைத்திருந்தவர் வளைந்த குரோம் மான்டி கார்லோ பார் ஒன்றை மாட்டியிருக்கிறார், எஞ்சினுக்கு மேலே இரண்டு ஷாக் டவரையும் (முன் ஸ்பிரிங்கைத் தாங்கும் தகரக் கோபுரம்) இணைக்கும் கம்பி. நான் எக்ஸ்போர்ட் பிரேஸ் வாங்கினேன், டவர்களைக் கவுலோடு (விண்ட்ஷீல்டுக்கு அடியில் உள்ள பாடிப் பகுதி) இணைக்கும் துண்டு. அது உட்கார மாட்டேன் என்கிறது. கவுல் பக்கம் போல்ட் போட்டால் ஷாக் டவர் பக்கம் ஓட்டை சேரவில்லை. இங்கே ஒரு பட்டறையில் காட்டினேன். ஓட்டையைப் பெரிதாக்கிப் போட்டுவிடலாம் என்றார்கள். மனசு வரவில்லை, திரும்பக் கொண்டுவந்துவிட்டேன்.

இரண்டு கேள்வி. பிரேஸை முதலில் போடுவதா, சப்ஃப்ரேம் கனெக்டரை (முன், பின் அடிச்சட்டங்களை இணைக்கும் துண்டு) முதலில் வெல்டு செய்வதா? ஓட்டை சேராததற்கு பிரேஸ் காரணமா, வண்டி காரணமா? ஆகஸ்டில் இங்கே டெட்ராய்டு பக்கம் நடக்கும் பழைய கார் ஊர்வலமான உட்வர்டு டிரீம் குரூஸுக்கு அப்பாவை இந்த வண்டியில் கூட்டிப்போக ஆசை.

வேலு_ஒஹாயோ:

தம்பி, ஓட்டையைப் பெரிதாக்க விடாமல் வண்டியைத் திருப்பிக் கொண்டுவந்தீர்களே, அதுவே பாதி வேலை முடிந்த மாதிரி. என்னிடம் 65 கன்வர்டிபிள் 19 வருஷமாக இருக்கிறது. இதே இடத்தில் நானும் நின்றிருக்கிறேன்.

ஓட்டை சேராததற்குக் காரணம் பெரும்பாலும் வண்டிதான். இந்த மஸ்டாங்கில் முன் ஸ்பிரிங், சக்கரத்தைப் பிடிக்கும் மேல் கையின் (கன்ட்ரோல் ஆர்ம்) தலையில் உட்கார்ந்து ஷாக் டவரின் உச்சியை மேல்நோக்கித் தள்ளுகிறது. முன்பக்கத்து எடையெல்லாம் அந்த இரண்டு தகரக் கோபுரத்தின் வழியாகத்தான் இறங்குகிறது. ஐம்பது அறுபது வருஷம் இப்படித் தள்ளினால் இரண்டும் மெல்ல ஒன்றையொன்று நோக்கிச் சாய்ந்துவிடும். அதோடு வண்டி 6.95-14 அளவுள்ள பழைய வகை பயாஸ் டயருக்காகச் செய்தது. இன்றைய ரேடியல் டயர் ரோட்டை இன்னும் கெட்டியாகப் பிடிக்கிறது, திருப்பத்தில் அந்தப் பாரமும் டவருக்குத்தான் போகிறது.

அதனால் முதலில் அளந்து பாருங்கள். டவருக்கு டவர் மேலே என்ன அளவு, கவுலின் நடுவிலிருந்து ஒவ்வொரு டவருக்கும் என்ன அளவு என்று எழுதி வையுங்கள். இடம் வலம் வித்தியாசம் வந்தால் எந்தப் பக்கம் போயிருக்கிறது என்று தெரிந்துவிடும்.

அடுத்தது துரு. இதைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், ஏனென்றால் பிரேஸ் போட்டும் பயனில்லை என்று சொல்பவர்கள் பலரும் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள். எக்ஸ்போர்ட் பிரேஸின் ஒரு முனை கவுலில் போல்ட் ஆகிறது. மஸ்டாங் கவுல் உள்ளே அழுகுவது ஊரறிந்த விஷயம். விண்ட்ஷீல்டுக்கு முன்னால் உள்ள காற்றுச் சல்லடையில் ஒரு வாளித் தண்ணீரை மெதுவாக ஊற்றி, உள்ளே கால் வைக்கும் இடத்தில் சொட்டுகிறதா என்று பாருங்கள். சொட்டினால் அதைச் சரிசெய்யாமல் பிரேஸைத் தொடாதீர்கள். அப்புறம் வலது முன்பக்கம் பேட்டரியைக் கழற்றி அதன் கீழே ஏப்ரனையும் (எஞ்சின் அறையின் பக்கத் தகடு) அதற்குக் கீழே ஃப்ரேம் ரெயிலையும் ஸ்குரூடிரைவரால் குத்திப் பாருங்கள். பேட்டரி ஆசிட் பல வருஷம் சொட்டிய இடம் அது. மிச்சிகன் உப்பும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். இடது பக்கம் ஸ்டியரிங் பாக்ஸ் போல்ட் ஆகும் இடத்தில் விரிசல் இருக்கிறதா, டவரின் அடியில் ஸ்பாட் வெல்டு பிரிந்திருக்கிறதா, மேல் கை போல்ட் ஆகும் இடத்தைச் சுற்றி மயிரிழை மாதிரிக் கோடு இருக்கிறதா என்று கம்பிப் பிரஷ் போட்டுத் தேய்த்துப் பார்க்க வேண்டும். பெயின்டுக்கு மேலே பார்த்தால் தெரியாது.

எல்லாம் திடமாக இருந்தால் டவரை விரிக்கலாம். வண்டியின் முன்பக்கத்தைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி, சக்கரம் தொங்கட்டும், ஸ்பிரிங் பாரம் குறையும். இரண்டு டவருக்கும் நடுவில் மரக்கட்டையும் ஸ்குரூ ஜாக்கியும் வைத்துக் கால் திருப்பு, அரைத் திருப்பு என்று தள்ளுங்கள். அளவைப் பாருங்கள், விடுங்கள், மறுபடி தள்ளுங்கள். தகரம் கொஞ்சம் திரும்பி வரும், அதனால் ஒரே மூச்சில் வேண்டாம். பிரேஸ் கையால் உட்காரும் நிலை வந்ததும் எல்லா போல்ட்டையும் விரலால் மாட்டிவிட்டுப் பிறகு இறுக்குங்கள். டவர் நகர்ந்தால் கேம்பரும் (சக்கரத்தின் சாய்வு) மாறும், ஆகவே வீல் அலைன்மென்ட் கட்டாயம்.

அந்த வளைந்த குரோம் பாரை எடுத்துவிடுங்கள். வளைந்த கம்பியை இரண்டு பக்கமும் அமுக்கினால் இன்னும் வளையும், அவ்வளவுதான். நேரான பார் போடுங்கள். ஆனால் நேரான பார் மட்டும் இருந்தாலும் போதாது. கயிற்றுக் கட்டில் சட்டத்தை நினைத்துப் பாருங்கள். நாலு பக்கமும் கட்டை இருக்கும், இருந்தும் கோணிக்கொண்டு ஆடும். மூலைக்கு மூலை ஒரு குறுக்குக் கட்டை அடித்தால் நின்றுவிடும். பார் என்பது ஒரு பக்கத்துக் கட்டை. இரண்டு டவரையும் கவுலோடு முக்கோணமாகப் பூட்டுவது எக்ஸ்போர்ட் பிரேஸ். தொழிற்சாலையில் அமெரிக்க வண்டிக்கு இரண்டு தனித்தனித் துண்டுதான் போட்டார்கள். மோசமான ரோடு உள்ள நாடுகளுக்குப் போன வண்டிகளுக்கு ஒரே துண்டாக அழுத்திய இந்த பிரேஸ் வந்தது, பெயரும் அப்படித்தான் வந்தது. 1965 ஷெல்பி ஜிடி350இல் பிரேஸ், பார் இரண்டும் உண்டு. பாருக்குப் பெயர் வந்தது ஃபோர்டு ஃபால்கன் ஓடிய மான்டி கார்லோ ராலியிலிருந்து. 1964இல் அங்கே மினி முதலிடம், ஃபால்கன் இரண்டாமிடம். மஸ்டாங்கின் அடித்தளமே ஃபால்கன்தான்.

கீழே எஞ்சினுக்கு அடியில் இரண்டு ரெயிலையும் இணைக்கும் கிராஸ் மெம்பரையும் பாருங்கள். பல வண்டியில் ஜாக்கி வைத்து நசுங்கியிருக்கும். அது கீழ்ச் சட்டம். மேலே மட்டும் இறுக்கிவிட்டுக் கீழே விட்டால் பயனில்லை.

இப்போது உங்கள் முதல் கேள்வி. முன்பக்கத்தை நன்றாக இறுக்கிவிட்டால் ஸ்டியரிங் துல்லியமாகும், டவர் பிழைக்கும். ஆனால் விண்ட்ஷீல்டு ஆடுவது முழுதாக நிற்காது. கூரை இல்லாத வண்டி வளைவது கதவு இருக்கும் இடத்தில். அதற்காகத்தான் ஃபோர்டு கன்வர்டிபிளுக்கு ராக்கருக்குள் (கதவுக்குக் கீழே ஓடும் பாடிப் பகுதி) தடித்த தகடும், இரண்டு பக்கமும் அதை ஃப்ரேம் ரெயிலோடு இணைக்கும் டார்க் பாக்ஸும், சீட்டுக்குக் கீழே தரையில் ஒரு பெரிய வலுவூட்டும் தட்டும் கொடுத்தார்கள். அப்பா சொன்ன ஒரு நூல் அங்கேதான் இருக்கிறது. ராக்கர் உள்ளே எப்படி இருக்கிறது என்று பார்க்காமல் கனெக்டர் வாங்க வேண்டாம். வாங்கினாலும் கன்வர்டிபிளுக்கென்று செய்ததை வாங்குங்கள். கூப்பே (நிலையான கூரை உள்ள வண்டி) கனெக்டர் அந்தத் தட்டில் இடிக்கும்.

அப்பாவுக்கு என் வணக்கம் சொல்லுங்கள்.

சிகாகோ_கமாரோ:

வேலு அண்ணன் சொன்னதற்கு மேலே ஒன்று. என்னுடையது 68 கமாரோ கன்வர்டிபிள். இதில் செவர்லே நாலு மூலையிலும் கனமான டப்பா வைத்தார்கள். காக்டெயில் ஷேக்கர் என்பார்கள். உள்ளே எண்ணெயில் ஸ்பிரிங்கோடு ஒரு எடை இருக்கும். பாடி ஆடும்போது அது எதிர்த்து ஆடி நடுக்கத்தைத் தின்றுவிடும். வண்டியை அது இறுக்குவதே இல்லை. கனம் என்று பலர் கழற்றி எறிந்தார்கள், பிறகு நடுக்கம் தாங்காமல் தேடி வாங்கினார்கள். சொல்ல வந்தது, கன்வர்டிபிளில் கொஞ்சம் நடுக்கம் புதிதாக வந்தபோதே இருந்தது. அதைச் சுத்தமாக ஒழிக்கிறேன் என்று கிளம்பிக் கண்ட இடத்தில் வெல்டு வைக்க வேண்டாம்.

ரிச்மண்ட்_ராஜி:

வெல்டு என்று வந்தால் ஒரே ஒரு எச்சரிக்கை. காரை லிஃப்டில் நடுவில் தாங்கித் தொங்கவிட்டு வெல்டு செய்ய அனுமதிக்காதீர்கள். சக்கரத்தின் மேல், இல்லை ஆக்ஸிலுக்கும் கீழ்க் கைக்கும் கீழே ஸ்டாண்ட் வைத்து, கதவு மூடி, இடைவெளியை அளந்து சரியாக இருந்த பிறகுதான். எங்கள் வண்டியில் ஒரு பட்டறை இதைக் கவனிக்கவில்லை. தொய்வோடு சேர்த்து வெல்டு ஆகிவிட்டது. வலது கதவை மூட இன்றும் தூக்கித் தள்ள வேண்டியிருக்கிறது, அதை வெட்டி எடுக்க எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை. இன்னொன்று, 66 மஸ்டாங்கில் டிக்கியின் தரையே பெட்ரோல் டேங்க். பின்பக்கம் வெல்டு என்றால் டேங்கை இறக்கியே ஆக வேண்டும்.

கரூர்_கான்டன்:

ஐந்து வாரம் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும்.

கவுலில் தண்ணீர் ஊற்றினோம். இரண்டு பக்கமும் ஒரு சொட்டு இல்லை. அப்பா கால் வைக்கும் இடத்தில் பழைய தினமணித் தாளை விரித்துக் காத்திருந்தார், காய்ந்தபடியே இருந்தது. ஆனால் பேட்டரிக்குக் கீழே ஸ்குரூடிரைவர் உள்ளே போய்விட்டது. வலது ஏப்ரனில் உள்ளங்கை அகலம் போயிருந்தது. அளந்து பார்த்தால் வலது டவர்தான் உள்ளே வந்திருந்தது, ஒரு நூலுக்குக் கொஞ்சம் மேலே. இடது டவர் அசையவே இல்லை. ரெயில் நல்லவேளையாகத் திடமாக இருந்தது.

ஏப்ரனில் அழுகியதை வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைத்தது அப்பா. 71 வயதில் குனிந்து அவர் வெல்டு வைத்ததைப் பார்த்துக்கொண்டே நின்றேன். ஒரு இஞ்ச் வைப்பார், நிறுத்துவார், எதிர் மூலைக்குப் போவார், சூட்டில் தகடு கோணாமல் இருக்க. அது ஆறிய மறுநாள்தான் டவரை விரித்தோம். இரண்டு மாலை ஆனது. மூன்றாம் நாள் பிரேஸ் கையால் உட்கார்ந்தது, ஓட்டையில் அரம்கூட வைக்கவில்லை. கிராஸ் மெம்பர் வேலு அண்ணா சொன்ன மாதிரியே நசுங்கியிருந்தது, புதியது போட்டோம். அலைன்மென்ட் முடிந்தது.

அதே தண்டவாளம், அதே வேகம். ஸ்டியரிங் நடுக்கம் போய்விட்டது. திருப்பத்தில் வண்டி சொன்ன இடத்துக்கு உடனே போகிறது, முன்பு ஒரு கணம் யோசித்துவிட்டுத்தான் போகும். விண்ட்ஷீல்டு ஆட்டம் பாதி குறைந்தது, மீதி இருக்கிறது. ராக்கரைக் குளிர்காலத்தில் திறக்கிறோம். அப்பா அடுத்த வருஷம் வரும்போது கனெக்டர். உட்வர்டு போய்வந்தோம். போகும்போதும் வரும்போதும் அவர் விரல் அந்தக் கதவு இடுக்கிலேயேதான் இருந்தது.

ஒரு சந்தேகம் மட்டும். வளைந்ததற்குப் பதில் போட்ட நேரான பாருக்கும் ஏர் கிளீனருக்கும் நடுவில் ஒரு விரல் இடம்தான் இருக்கிறது. போதுமா?

வேலு_ஒஹாயோ:

வண்டி நிற்கும்போது போதும். எஞ்சின் ரப்பர் மவுன்டின் மேல் ஆடும் இல்லையா, அதைப் பார்க்க வேண்டும். ஹேண்ட் பிரேக் போட்டு, காலால் பிரேக்கை அழுத்தி, டிரைவில் வைத்து ஆக்ஸிலரேட்டரை லேசாக மிதியுங்கள். இன்னொருவர் பக்கவாட்டில் நின்று இடைவெளியைப் பார்க்கட்டும். முன்னால் யாரும் நிற்கக் கூடாது. எஞ்சினின் இடது பக்கம் கொஞ்சம் எழும். விரல் இடத்தில் பாதிக்கு மேல் போய்விட்டால் இடது மவுன்ட் கிழிந்திருக்கிறது என்று அர்த்தம், அதை மாற்றிவிட்டு மறுபடி அளந்து சொல்லுங்கள்.